போர்ட் செய்யும் முன் வீட்டுக்குள் டவர் பாருங்கள்: 90 நாள் மாட்டிக்கொண்ட அனுபவம்

மேடவாக்கம் பக்கம் சாலையோரத்தில் குடை போட்டு சிம் விற்பவர்களிடம் போர்ட் செய்ய, அதாவது எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாற நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஜூன் மாதம் நான் இரண்டு எண்களை அப்படி மாற்றினேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று அப்பாவுடையது. ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அதைக்கூட விட்டுவிடலாம். மூன்று மாதம் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை நினைத்த நேரத்தில் கூப்பிட முடியாமல் தவித்ததை விட முடியவில்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அதே நிறுவனத்தின் சிம் அம்பத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் தெருவில் எப்படி இருக்கும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் இருப்பது பெரும்பாக்கத்தில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம். அப்பா கண் பரிசோதனைக்காகச் சென்னை வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அந்தக் குடையைப் பார்த்தோம். விற்ற பையன் தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டினார். முந்நூறைத் தாண்டி ஓடியது. "எல்லா இடத்துலயும் ஃபுல் டவர்க்கா. ஊர்லயும் கிடைக்கும். புடிக்கலைன்னா ஒரு மாசத்துல திரும்ப மாத்திக்கலாம், ஒண்ணும் போயிடாது" என்றார். இரண்டு எண்ணுக்கும் சேர்த்து வருஷ ரீசார்ஜ் போட்டால் கழிவு உண்டு என்றார். அப்பாவும் கூடவே இருந்ததால் இரண்டு பேருடைய ஆதார் கைரேகையும் அங்கேயே வைத்து வேலை முடிந்தது.

அவர் டெஸ்ட் ஓட்டியது வெட்டவெளியில், எதிர்க் கட்டடத்தின் மாடியில் டவர் தெரிகிற இடத்தில். அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சிம் செயல்பாட்டுக்கு வந்த அன்று மாலையே வீட்டுக்குள் பிரச்சினை தொடங்கியது. ஹாலில் ஒரு கோடு, சமையலறையில் அதுவும் இல்லை. என் கணவர் பழைய நிறுவனத்திலேயே இருக்கிறார். அதனால் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். பல போன்களில் சிக்னலின் அளவு அங்கே டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் எண்ணாக இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜி-யில் மைனஸ் 90-க்குள் இருந்தால் கவலை இல்லை, மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். கேட்டுக்கு வெளியே ரோட்டில் என் போனில் மைனஸ் 84. ஹாலில் மைனஸ் 112. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் மைனஸ் 119. அதே அடுப்புக்குப் பக்கத்தில் அவர் போனில் மைனஸ் 98.

ஏன் இப்படி என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரமும் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 1800, 2300 என்று மேலே போகப் போக சுவரைத் தாண்டும் திறன் குறையும். 5ஜி-யில் வேகம் தருகிற 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதி கான்கிரீட்டுக்குள் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும். ரோட்டில் 5ஜி என்று காட்டுவதை வைத்து வீட்டுக்குள் கிடைக்கும் என்று நம்பவே கூடாது. இன்னொன்று, அலைவரிசையை அரசு நாடு முழுக்க மொத்தமாகக் கொடுப்பதில்லை. 22 வட்டங்களாகப் பிரித்து, வட்டம் வட்டமாக ஏலம் விடுகிறது. எந்த நிறுவனத்திடம் எந்த அலைவரிசை எவ்வளவு இருக்கிறது என்பது வட்டத்துக்கு வட்டம் மாறும். பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர் "சூப்பராக இருக்கிறது" என்று சொன்னால் அது கர்நாடக வட்டத்தின் கதை.

என் போனில் வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசும் வசதியைப் போட்டு ஒருவாறு சமாளித்தேன். அப்பாவுக்கு அதுவும் இல்லை.

எங்கள் ஊர் சோத்துப்பாக்கத்திலிருந்து செய்யூர் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஜிஎஸ்டி ரோடு நெடுக எந்த சிம்மும் எடுக்கும். உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும்தான் எது நிற்கும், எது போகும் என்று தெரியும். அப்பாவின் புது சிம் வீட்டுக்குள் எடுக்கவே இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயில் திண்ணையில் மட்டும் இரண்டு கோடு வரும். தினமும் காலையில் பால் ஊற்றிவிட்டு வரும்போது அங்கே உட்கார்ந்து எனக்கு போன் செய்வார். நான் கூப்பிட்டால் கிடைக்காது. சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓடிபி கேட்க, எழுபத்தொரு வயது மனிதர் வெயிலில் கோயில் வரை நடந்து போய் வாங்கி வந்தார்.

ஜூலையில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு சுகர் இறங்கி மயக்கம் வந்துவிட்டது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு, அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு, அந்தத் திண்ணைக்கு ஓடியிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணி சத்தம் கேட்டு வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் போன் அந்த வீட்டுக்குள்ளேயே எடுத்தது. எனக்கு விஷயம் வந்தது அவர்கள் எண்ணிலிருந்துதான். அந்த அண்ணி வைத்திருப்பது அப்பா முன்பு வைத்திருந்த அதே நிறுவனத்தின் சிம். நல்லபடியாக இருந்த ஒன்றை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

மறுநாளே பழைய நிறுவனத்துக்குத் திரும்பலாம் என்று 1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பினேன். முடியாது என்று பதில் வந்தது. விதி இதுதான்: ஒரு நிறுவனத்துக்கு மாறினால், எண் செயல்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து 90 நாள் ஆகாமல் அங்கிருந்து போர்ட் செய்ய முடியாது. "ஒரு மாசத்துல மாத்திக்கலாம்" என்று சொன்னது பச்சைப் பொய். ப்ரீபெய்டில் இன்னொன்றும் உண்டு. மாறும்போது மீதி இருக்கும் ரீசார்ஜ் புது நிறுவனத்துக்கு நம்மோடு வராது. வருஷத்துக்குக் கட்டிய பணத்தில் மீதி ஒன்பது மாதம் அப்படியே போனது.

குடை இருந்த இடத்துக்குப் போனேன், ஆள் இல்லை. நிறுவனத்தின் ஷோரூமில் இருந்தவர், "அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல மேடம், ஏஜென்ட். அவங்க சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். நிறுவனத்தின் புகார்ப் பிரிவான 198-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கினேன். பொறியாளர் ஒருவர் பேசினார். கட்டடத்துக்கு உள்ளே சிக்னலுக்கு உத்தரவாதம் கிடையாது என்று முடித்துவிட்டார். அடுத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதினேன். புகாரில் திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் இதைச் செய்யலாம், 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பணம் திரும்பவில்லை. தனிப்பட்ட புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் எடுத்துக்கொள்வதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்திருக்கிறேன்.

நிறுவனங்களின் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது. 2024-இல் வந்த ட்ராயின் சேவைத் தர விதிகளின்படி அதை வெளியிட்டே ஆக வேண்டும். பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். பெரும்பாக்கம் அதில் முழுக்க நிறம் பூசித்தான் இருந்தது. என் சமையலறை அதில் கிடையாது.

அதற்குப் பதிலாக ஒரு மாதம் செலவழியுங்கள். எண்ணைப் போர்ட் செய்யாமல், நீங்கள் மாற நினைக்கும் நிறுவனத்தின் புது சிம் ஒன்றை இருப்பதிலேயே குறைந்த ரீசார்ஜில் வாங்கி போனின் இரண்டாவது இடத்தில் போடுங்கள். படுக்கையறை, சமையலறை, லிஃப்ட், ஆபீஸ் இருக்கை, ரயிலில் போகிற வழி என எல்லா இடத்திலும் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை பாருங்கள், எல்லோரும் வீட்டில் இருக்கும் அந்த நேரத்தில் நெட் படுத்துவிடும் இடங்கள் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு மாற்றுவதாக இருந்தால் அந்த சிம்மோடு ஊருக்கே போய்ப் பாருங்கள். பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் என்ன சிம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எந்த விளம்பரத்தையும்விட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒரே நிறுவனத்துக்கு மாறவும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் கரண்ட் போய், டவர்களும் ஒவ்வொன்றாக நின்றன. அன்று எங்கள் வீட்டில் இரண்டு நிறுவன சிம் இருந்ததால்தான், ஒன்று செத்தபோதும் இன்னொன்றில் விட்டு விட்டாவது பேச முடிந்தது.

90 நாள் முடிந்த அடுத்த நாளே அப்பாவை மதுராந்தகத்துக்கு வரச் சொல்லி, கூடவே இருந்து பழைய நிறுவனத்துக்கு மாற்றினேன். மூன்று நாளில் வந்துவிட்டது. இப்போது அம்மா கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் அந்த போன் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கூப்பிட்டால் இரண்டாவது மணியில் எடுக்கிறார்கள்.