ரெடி ஸ்டாக்கா, ஆர்டரா? லைனைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்

மளிகைச் சரக்கு ஏஜென்சி நடத்துபவர்களும் அவர்களிடம் வேலை பார்க்கும் மேனேஜர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். வண்டியில் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்க் கடை வாசலிலேயே இறக்கி விற்கும் ரெடி ஸ்டாக் நல்லதா, இல்லை சேல்ஸ்மேன் பைக்கில் போய் ஆர்டர் எடுத்துவந்து மறுநாள் டெலிவரி போடுவது நல்லதா? கம்பெனிக்காரர்கள் ஆர்டர்தான் என்பார்கள், கையில் ஒரு ஆப்பையும் கொடுத்துவிடுவார்கள். பழைய ஆட்கள் ரெடி ஸ்டாக்கை விடவே மாட்டார்கள். சேல்ஸ்மேன் ஒரு நாளில் சுற்றிவரும் கடைவழியைத்தான் லைன் என்போம். நான் இரண்டு முறையிலும் லைன் ஓடியவன், பிறகு மேனேஜராக இரண்டையும் நடத்தியவன். டவுனுக்கு ஆர்டர், கிராமத்துக்கு ரெடி ஸ்டாக், இதுதான் என் முடிவு. ஒரே ஏஜென்சிக்கு ஒரே முறைதான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து நல்ல லைனையெல்லாம் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் செலவுக் கணக்கு. திருமங்கலத்தில் குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பி டி.கல்லுப்பட்டி, பேரையூர், எழுமலை, உசிலம்பட்டி என்று இடையில் உள்ள ஊர்களுக்குள் நுழைந்து நுழைந்து திரும்பினால் குட்டியானை ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடும். டீசல் 550, டிரைவர் 800, சேல்ஸ்மேன் 800, வண்டித் தவணை, ரிப்பேர் என்று தினமும் ஒரு 350. ஆக 2,500 ரூபாய். ஏஜென்சிக்கு 5 சதவீதம் மார்ஜின் என்றால் அந்த வண்டி தினமும் 50,000 ரூபாய்க்கு விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை. இதுவே ஆர்டர் முறையில் சேல்ஸ்மேன் சம்பளமும் பெட்ரோலும் சேர்த்து 950. மறுநாள் டெலிவரி வண்டி, டிரைவர், சரக்கு இறக்கும் ஆள் எல்லாம் சேர்த்து 2,300 ஆகும், ஆனால் அந்த ஒரே வண்டி மூன்று சேல்ஸ்மேன்களின் ஆர்டரைக் கொண்டுபோகும் என்பதால் ஒரு லைனுக்கு 770தான் விழும். மொத்தம் 1,720. 34,400 ரூபாய்க்கு விற்றாலே போதும். காகிதத்தில் பார்த்தால் ஆர்டர்தான் ஜெயிக்கிறது, இந்தக் காகிதத்தைக் காட்டித்தான் எல்லோரையும் மாறச் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரே வண்டி மூன்று பேர் ஆர்டரைக் கொண்டுபோவது கடைகள் நெருக்கமாக இருக்கும் டவுனில்தான் நடக்கும். பேரையூர்ப் பக்கத்து லைனுக்கு மறுநாள் வண்டி அதே 90 கிலோமீட்டரை ஓடியாகவேண்டும், கூட இன்னொரு லைனைச் சேர்க்க முடியாது. அப்போது செலவு 950-ம் 2,300-ம் சேர்ந்து 3,250. ரெடி ஸ்டாக்கைவிட 750 ரூபாய் அதிகம்! நீங்கள் முறையை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் லைனுக்கு இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு முறை போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி கடைக்காரர் கையில் இருக்கிறது. பேரையூர் தாண்டி ஒரு ஊரில், பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் ஒரு அக்காவின் பெட்டிக்கடை உண்டு. மேலே கட்டிய கயிற்றில் ஷாம்பு சரம், பாக்குச் சரம், காபித்தூள் சரம் தொங்கும், கல்லா என்பது ஒரு பிஸ்கட் டப்பா. நாங்கள் அந்த லைனை ஆர்டருக்கு மாற்றிய முதல் வாரம் நானும் சேல்ஸ்மேன்கூடப் போனேன். பையன் ஆப்பைத் திறந்து என்னக்கா வேணும் என்று கேட்டான். அக்கா அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் வண்டி இருக்கிறதா என்றுதான் எட்டிப் பார்த்தார். "வண்டி வரலையா தம்பி? இருந்தா ரெண்டு சரம் குடு. நாளைக்குன்னா வேண்டாம், நாளைக்குக் குழுவுக்குக் கட்டணும்." டப்பாவில் அன்றைக்கு இருந்தது ஊரில் பால் ஊற்றுகிறவர்களுக்குப் பணம் வந்ததால் நடந்த வியாபாரம். மறுநாள் அது குழுக்கடன் தவணைக்குப் போய்விடும். அந்த அக்காவுக்குச் சரக்கு வேண்டாம் என்றில்லை, காசும் சரக்கும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்கவேண்டும், அவ்வளவுதான். இந்த மாதிரிக் கடைகள்தான் கிராமத்து லைனில் முக்கால்வாசி.

ஆர்டர் சொன்ன கடைகளும் மறுநாள் சரக்கை வாங்கவில்லை. பத்து பில் போனால் இரண்டு, சில நாள் மூன்று அப்படியே திரும்பி வந்தது. கடை பூட்டியிருக்கும், வீட்டுக்காரர் வெளியே போயிருப்பார், கடையில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, இல்லையென்றால் நம்மைவிட முந்திக்கொண்டு வேறு கம்பெனி வண்டிக்காரர் காலையிலேயே இறக்கிவிட்டுப் போயிருப்பார். திரும்பி வந்த சரக்குக்கு ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, பில்லை ரத்து பண்ணும் வேலை, நசுங்கிய பாக்கெட் என்று தனிக் கணக்கு. நாலு மாதத்தில் அந்த லைனைத் திரும்ப வண்டிக்கு மாற்றினோம்.

டவுன் கதை நேர் எதிர். மதுரை கீழமாசி வீதியிலோ ஒரு பெரிய அண்ணாச்சி கடையிலோ காலை பதினோரு மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். நிறுத்த இடமே இருக்காது, பின்னால் ஹாரன் அடிப்பார்கள், கடையில் கூட்டம் நிற்கும், அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். அந்த நேரத்தில் சரக்கை இறக்கிச் சரிபார்த்துக் காசும் வாங்குவது ஆகாத காரியம். ஆர்டர் எடுப்பது ஆகும். சேல்ஸ்மேன் உரிமையோடு உள்ளே போய் அலமாரியைப் பார்த்து, அண்ணாச்சி சோப்பு அரை கேஸ்தான் இருக்கு, ஒரு கேஸ் போடுறேன், எண்ணெய் சின்ன பாட்டில் இல்ல, ரெண்டு டஜன் போடுறேன் என்று இவனே சொல்லிக்கொண்டே அடித்தால் அவர் தலையை ஆட்டுவார். நல்ல சேல்ஸ்மேன் டவுனில் ஒரு கடையை எட்டு நிமிஷத்தில் முடிப்பான். சரக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு மேல், கூட்டம் குறைந்ததும் வந்து இறங்கும்.

ஐட்டம் விஷயத்திலும் டவுனில் ஆர்டருக்குத்தான் பலம். வண்டியில் எவ்வளவு ஏற்றினாலும் நன்றாக ஓடும் 40, 50 ஐட்டத்தைத்தான் ஏற்றமுடியும். குடோனில் 120 ஐட்டம் இருந்தாலும் மற்ற 70 கிராமத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. அதோடு வண்டி ஓட்டுபவருக்கும் சேல்ஸ்மேனுக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும், எது கனமோ, எது இடத்தை அடைக்கிறதோ அதை முதலில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். புதுச் சரக்கு பின்னால் மூலையில் கிடந்து வெயிலில் நிறம் மாறும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு புது ஐட்டம், அது மட்டும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் ஏறவேண்டும். மூன்று ஐட்டம் என்று ஆசைப்பட்டால் ஒன்றும் போகாது.

பாக்கி வசூல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். ஆர்டர் முறையில் ஆர்டர் எடுப்பவன் ஒருவன், சரக்கு இறக்குபவன் இன்னொருவன். டெலிவரிப் பையனிடம் கடைக்காரர், சேல்ஸ்மேன் வரட்டும் அவர்கிட்டக் குடுக்குறேன் என்பார். சேல்ஸ்மேன் வரும்போது, இந்த வாரம் சரக்கு போட்டுட்டு வாங்கிக்கோ என்பார். இப்படி ஒரு பில் பாக்கி இரண்டாகும், இரண்டு மூன்றாகும். ரெடி ஸ்டாக்கில் சரக்கு நம் கையில் இருக்கிறது. பெட்டியை வண்டி விளிம்பில் வைத்துக்கொண்டு, அண்ணே போன பில்லை முடிச்சிருங்க, இதை இறக்கிடுறேன் என்று சொல்லும்போது சண்டை போடவேண்டியதே இல்லை, பெட்டியே பேசும். ஆர்டர் லைன் நடத்தும் மேனேஜர் இந்தப் பலம் தன்னிடம் இல்லை என்று தெரிந்து நடக்கவேண்டும். பில் டு பில் என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய பில் முடியாத கடைக்கு ஆர்டர் ஏறாது என்று சிஸ்டத்திலேயே பூட்டிவிடுங்கள். அந்தக் கெட்ட பெயரைச் சேல்ஸ்மேன் தலையில் கட்டாதீர்கள், ஆபீஸ்ல லாக் ஆயிடுச்சு அண்ணாச்சி என்று சொல்ல அவனுக்கு ஒரு வாசல் வேண்டும்.

இன்னொன்று, இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் யூபிஐ-யில் போடும் பணம் ஏஜென்சியின் க்யூஆர் கோடுக்குத்தான் வரவேண்டும், சேல்ஸ்மேனின் சொந்த நம்பருக்கு வரக்கூடாது. நல்ல பையன்கள்கூட, அவசரத்துக்கு எடுத்தேன், சம்பளத்தில் போட்டுடலாம்னு நெனச்சேன் என்று மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவனைத் திருடன் ஆக்கியது அந்த ஏற்பாடுதான்.

2025 செப்டம்பரை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் குளியல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் வரியை 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது, 22-ம் தேதி முதல் அமல். நடுவில் மூன்று வாரம். 22-க்குப் பிறகு விலை குறையும் என்று டவுன் கடைகள் வாங்குவதையே நிறுத்தின, எவ்வளவு பெரிய கடையோ அவ்வளவு இறுக்கம். ஆப்பில் ஆர்டர் பாதிக்கும் கீழே போனது. கிராமத்து வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அந்தக் கடைகள் எப்போதுமே இரண்டு சரம், மூன்று சரம்தான் வாங்குகின்றன, நாளை மறுநாளுக்குச் சேர்த்து வைக்கும் பழக்கம் அங்கே இல்லை. 22-ம் தேதி திங்கட்கிழமை டெலிவரிக்கு என்று சனிக்கிழமை ராத்திரியே பழைய வரியில் அடித்துவைத்த பில்களைக் கிழித்து மறுபடி அடித்த வேலையும் நினைவிருக்கிறது.

பில் விஷயத்தில் ரெடி ஸ்டாக்கில் கொஞ்சம் கவனம் வேண்டும். எந்தக் கடை எவ்வளவு வாங்கும் என்று காலையில் தெரியாது என்பதால் வண்டிச் சரக்குக்கு டெலிவரி சலான், அதாவது என்ன சரக்கு ஏறியிருக்கிறது என்ற சீட்டு, போட்டுக் கிளம்பி, கடையில் இறக்கும்போது பில் கொடுக்கவேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு ஏற்றினால் இ-வே பில்லும், அதாவது சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டும், வேண்டும். ஆர்டர் முறையில் எல்லாம் ஆபீஸிலேயே முடிந்துவிடும், இது ஒரு நிம்மதிதான்.

மேனேஜர்கள் பண்ணும் தப்புக்கு வருகிறேன். இரண்டு முறைக்கும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்ப்பதுதான் அது. ஆர்டர் எடுப்பவனுக்கு எடுத்த ஆர்டரை வைத்து இன்சென்டிவ் கொடுத்தால் மாதக் கடைசியில் பொய் ஆர்டர் வரும். அண்ணாச்சி பில் போட்டுக்குறேன், ஒண்ணாம் தேதி ரிட்டர்ன் எடுத்துக்குறேன் என்று கெஞ்சுவான், அவரும் பாவப்பட்டு ஒத்துக்கொள்வார். அந்தப் பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இறங்கிய சரக்குக்கு, திரும்பி வராத பில்லுக்கு மட்டும் இன்சென்டிவ் என்று வைத்தால் மறு மாதமே நின்றுவிடும். வண்டிச் சேல்ஸ்மேனிடம் எவ்வளவு விற்றாய் என்று கேட்பதைவிட, எத்தனை கடை ஏறினாய், எத்தனை பில், ஒரு பில்லில் எத்தனை ஐட்டம் என்று கேளுங்கள். காலையில் இரண்டு பெரிய கடையில் பாதி வண்டியை இறக்கிவிட்டு மத்தியானமே டார்கெட்டை முடிப்பவன், அந்தப் பெட்டிக்கடை அக்காவைத் தாண்டிப் போய்விடுவான். அடுத்த வாரம் அங்கே போட்டிக் கம்பெனிச் சரம்தான் தொங்கும்.

சாயங்காலம் வண்டிச் சரக்கை எண்ணும்போது குறைந்தால் சேல்ஸ்மேன் சம்பளத்தில் பிடிப்பது பல ஏஜென்சிகளில் வழக்கம். நான் முதலில் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான், ஒரு மாதம் 1,100 ரூபாய் பிடித்தார்கள், காலையில் லோடு ஏற்றும்போதே எண்ணிக்கை தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது, பணம் மட்டும் திரும்பவில்லை. ஏற்றுபவரும் சேல்ஸ்மேனும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள். காலையில் பத்து நிமிஷம் போகும், போகட்டும்.

பால், பிரெட், ஐஸ்கிரீம் விற்பவர்கள் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம், டவுனோ கிராமமோ அவர்களுக்கு வண்டிதான். மருந்து மொத்த வியாபாரம் ஆர்டர்தான். வாட்ஸ்அப்பில் கடைக்காரரே ஆர்டர் போடட்டும், சேல்ஸ்மேனே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதைச் சேர்த்து நடத்தலாம், அதையே நம்பக்கூடாது, ஏனென்றால் கடைக்காரர் தீர்ந்துபோனதைத்தான் கேட்பார், தன்னிடம் இல்லாததை ஒருநாளும் கேட்கமாட்டார்.

முறையை மாற்றப்போகிறீர்கள் என்றால் ஒரு லைனை மட்டும் மாற்றிப் பாருங்கள், எட்டு வாரமாவது விடுங்கள், அதுவரைக்கும் அந்தச் சேல்ஸ்மேனுக்கு முந்தைய மூன்று மாதத்தின் சராசரி இன்சென்டிவைக் கொடுத்துவிடுங்கள். அவன் வீட்டுச் செலவை வைத்து நாம் பரீட்சை நடத்தக்கூடாது. எழுமலை லைனை நாங்கள் இப்போது இரண்டுங்கெட்டானாகத்தான் ஓட்டுகிறோம். மெயின் ரோட்டில் நாலைந்து கடை பெரிதாகிவிட்டது, அவர்களிடம் முந்தின நாளே போனில் ஆர்டர் வாங்கி அந்தச் சரக்கைப் பெயர் எழுதி வண்டியின் பின்பக்கம் ஏற்றிவிடுகிறோம், மற்ற கடைகளுக்கு முன்பக்கத்திலிருந்து ரெடி ஸ்டாக். டிரைவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது, ஆனால் அந்த லைனில் ரிட்டர்ன் இதுவரை ஒரு பில்தான் வந்திருக்கிறது.