கோயம்பேடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், நேர்ல பாத்துட்டு எழுதுறேன், 4 ஸ்டார்

போன மாசம் பையனோட காலேஜ் பசங்க கூட உள்ள போய் பாக்க சான்ஸ் கெடச்சுது. நுழைஞ்சதும் நாத்தம் குடலைப் புரட்டுச்சு, ஆனா கடைசி தொட்டிகிட்ட போறப்ப அவ்வளவா தெரியல. மொதல்ல கம்பி சல்லடை, அதுல சிக்கிக் கெடக்குற ஷாம்பு பாக்கெட், துணி, நாப்கின் எல்லாம் நாம ஃப்ளஷ் பண்ணதுதான், பாத்தா மனசே கேக்கல. அப்புறம் மணல் அடில தங்குது, அடுத்து காத்து ஊதுற பெரிய தொட்டி, பழுப்பு கலர்ல நுரை தள்ளிகிட்டு கொதிக்கிற மாதிரி இருக்கு, அதுல வளர்ற பாக்டீரியாதான் அழுக்கைத் தின்னுது. இது இங்க நடக்கலேன்னா கூவத்துல நடக்கும், அங்க தண்ணில இருக்குற ஆக்சிஜன் மொத்தமும் தீந்து போயிடும், மீன் எப்படிங்க பொழைக்கும்?

தொட்டில தங்குற கழிவுச் சேறுல வர்ற கேஸ்ல கரண்டும் எடுக்குறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது, சுத்திகரிச்ச தண்ணியை இன்னும் நுணுக்கமா வடிகட்டுற ஆர்ஓ பிளான்ட், 2019ல வந்தது, தினம் 4.5 கோடி லிட்டர் கெபாசிட்டி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு பைப்ல போகுது, அவ்ளோ நல்ல தண்ணி நமக்கு மிச்சம்.

ஒரு ஸ்டார் கொறச்சது பிளான்ட்டுக்காக இல்ல. எங்க தெருவுல ஒரு பில்டிங் கழிவுநீரை நேரா மழைநீர் கால்வாய்ல விடுது, அது இங்க வராமலே ஆத்துக்குப் போகுது, மூணு தடவ சொல்லியும் கேக்கல, வயிறு எரியுது.