மெட்டாலிக்கா அகூஸ்டிக் லைவ் 300 ரூபாய்க்கா? வாங்காதீர்கள்

மெட்டாலிக்கா மாதிரி பெரிய மெட்டல் (கனத்த ராக்) பேண்ட் ஒன்று, எலெக்ட்ரிக் கிட்டார் இல்லாத அகூஸ்டிக் கச்சேரியைக் கட்டண நேரலையாகத் தரப்போகிறது என்ற செய்தி வந்ததுமே டெலிகிராமில் கடை விரித்துவிடுகிறார்கள். "உங்க நாட்டுல ஓடாது ப்ரோ, நம்மகிட்ட வழி இருக்கு, 300 அனுப்புங்க." அனுப்பியபின் வருவது மூன்றில் ஒன்று: பழைய வீடியோ, இருபது பேருக்கு விற்ற ஒரே லாகின், அல்லது வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன் சேவையில் உதவாத ஒரு கணக்கு.

பழைய வீடியோ விஷயத்தில் மெட்டாலிக்கா பெயர்தான் இவர்களுக்கு ரொம்ப வசதி. 2020 நவம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் இருக்கும் தங்கள் தலைமையகத்திலிருந்தே, தங்கள் அறக்கட்டளைக்காகக் கட்டண நேரலை ஒன்று நடத்தினார்கள். முதல் பாதி அகூஸ்டிக், பிறகு எலெக்ட்ரிக். அதற்கு முன் 2018 நவம்பர் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ மசோனிக் அரங்கில், அதே அறக்கட்டளைக்காக, ஆட்கள் நிறைந்த அரங்கில் ஓர் அகூஸ்டிக் கச்சேரி. அதற்கும் முன்னால் 1997, 2007, 2016 ஆண்டுகளில் பிரிட்ஜ் ஸ்கூல் என்ற பள்ளிக்கான நிதிக் கச்சேரிகள். இத்தனை பழைய காட்சிகள் கையில் இருக்கும்போது எதையாவது எடுத்து "லைவ்" என்று ஓட்டுவது சுலபம்.

கண்டுபிடிப்பதும் சுலபம்தான். முதலில் பேஸ் வாசிப்பவரைப் பாருங்கள். ஜேசன் நியூஸ்டெட் என்றால் 2001-க்கு முந்தைய காட்சி. ராபர்ட் ட்ருஹியோ வந்தது 2003-ல். அடுத்து, பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கை. அவர் வலது கைக்காரர். கிட்டாரின் கழுத்து அவருடைய வலப்பக்கம் நீட்டிக்கொண்டு, இடது கையால் தந்தி மீட்டுவதாகத் தெரிந்தால், பதிப்புரிமை மீறலைத் தேடிப் பிடிக்கும் தானியங்கியை ஏய்க்க வீடியோவைக் கண்ணாடிபோல் திருப்பியிருக்கிறார்கள். அதே காரணத்துக்காக வேகத்தையும் சுருதியையும் லேசாக ஏற்றிவிடுவார்கள். பாட்டில் இது சட்டென்று பிடிபடாது, இடையில் அவர் பேசும்போது குரல் கீச்சென்று கேட்கும். கோப்பைச் சுருக்கியதில் ஓசை நசுங்கியிருப்பதும் அகூஸ்டிக்கில்தான் வெளியே தெரியும். எலெக்ட்ரிக் கிட்டாரின் கரகரப்பு (டிஸ்டார்ஷன்) மூடி மறைக்கும் குறையை, தந்தியை மீட்டும் நொடியில் வரும் "ஷ்ஷ்" சத்தம் காட்டிக்கொடுக்கும்.

இதே பாணியில், 2022 நவம்பர் இறுதியில் அவர்கள் புது ஆல்பம் அறிவித்ததும், பேண்டின் பெயரில் போலி யூடியூப் சேனல்கள் "லைவ்" ஓட்டி கிரிப்டோ கேட்டன. பேண்டே எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. பேண்ட் தன் சொந்த இணையதளத்திலிருந்து இணைப்புத் தராத எந்த லைவும் லைவ் அல்ல.

பகிர்ந்த லாகின் கதை சின்னது. கட்டண நேரலைகளில் பெரும்பாலும் ஒரு டிக்கெட்டுக்கு ஒரே நேரத்தில் ஒரு திரை. அடுத்தவர் உள்ளே வந்ததும் முன்னவரைத் தள்ளிவிடும். சோதித்துக் காட்டுகிறேன் என்று முந்தைய நாள் விற்பவர் திறந்து காட்டுவார், அப்போது ஓடும். அந்த நேரத்தில் உள்ளே வேறு யாரும் இல்லையே.

இனி விபிஎன். பணம் கட்டியவர்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். நாட்டுக் கட்டுப்பாடு வருவது ஒளிபரப்பு உரிமையைப் பகுதி பகுதியாக விற்பதால்: பிபிசி ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டும், ஜப்பானின் வவ்வாவ் சேனல் ஜப்பானுக்குள் மட்டும். ஆனால் பல டிக்கெட் தளங்கள் இடத்தைச் சரிபார்ப்பது பணம் வாங்கும்போது அல்ல, பிளே அழுத்தும்போது. டிக்கெட் வந்துவிட்டது, எல்லாம் சரி என்று நிம்மதியாக இருப்பீர்கள். கச்சேரி தொடங்கும் நிமிடத்தில் "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்ற வரி வரும். ரீஃபண்ட் விதியைப் பார்த்தால், பார்வையாளரின் இடத்தாலோ இணையத்தாலோ வரும் சிக்கலுக்குப் பொறுப்பில்லை என்று முன்பே எழுதியிருப்பார்கள்.

விபிஎன் ஏன் தோற்கிறது? மலிவு விபிஎன்களின் ஐபி (இணைய) முகவரிகள் டேட்டா சென்டருக்குச் சொந்தமானவை. அந்த வரிசைகளைத் தளங்கள் மொத்தமாகத் தடுத்துவைக்கும். விபிஎன் பழைய வகை முகவரியான ஐபிவி4-ஐ மட்டும் சுற்றிவிட்டு, புது வகையான ஐபிவி6-ஐ அப்படியே விட்டால் உங்கள் ஜியோ, ஏர்டெல் முகவரி வெளியே தெரியும். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வழியாக நடக்கும் கசிவும் அப்படியே. மொபைல் செயலி என்றால் ஜிபிஎஸ், ஆப் ஸ்டோர் கணக்கின் நாடு இரண்டும் சேரும். கார்டின் முதல் ஆறு முதல் எட்டு இலக்கங்களே அது எந்த நாட்டு வங்கி என்று சொல்லிவிடும். தளத்தின் விதியை மீறிய கணக்கை முடக்கினால் கேட்க நாதி இல்லை. அமீரகத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: விபிஎன்னைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் அங்கே அபராதம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை.

அதனால் வாங்கும் முன் "எந்தெந்த நாடுகளில் பார்க்கலாம்" என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சோதனை வீடியோ கொடுத்திருந்தால், கச்சேரி பார்க்கப்போகும் அதே கருவியில், அதே இணையத்தில் ஓட்டிப் பாருங்கள். டிவியில் இணைக்கிறவர்கள் எச்டிஎம்ஐ வழியாகவே சோதியுங்கள். நடுவில் எச்டிசிபி (நகல் தடுப்பு முறை) இல்லாத ஸ்ப்ளிட்டர் இருந்தால் பாட்டு கேட்கும், படம் கறுப்பாக நிற்கும்.

நேரத்தையும் டேட்டாவையும் கணக்குப் போடுங்கள். 2020 கச்சேரி பசிபிக் நேரம் பிற்பகல் 2 மணி, நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. நவம்பர் 14 தீபாவளி வேறு. பிற்பகல் 2 என்பதை நம்மூர் நேரமாக எடுத்திருந்தால் பண்டிகைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெறும் திரையைப் பார்த்திருக்க வேண்டும். பசிபிக் நேரத்தோடு நமக்குள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி, கோடையில் பன்னிரண்டரை. 1080பி தரம் சுமார் 5 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு இரண்டேகால் ஜிபி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி பேக் நாற்பதே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கார்டு விஷயத்தில் ஒரு ஆபத்து பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுத் தளங்கள் பெரும்பாலும் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும். "இலவசம்தான், வயதைச் சரிபார்க்க மட்டும் கார்டு எண்" என்று கேட்கும் பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால் மாதாமாதம் போகும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்தே வரும். வங்கிச் செயலியில் டிக்கெட் வாங்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் திறந்து, டிக்கெட் விலைக்குச் சற்று மேலே உச்சவரம்பு வைத்து, உடனே மூடுங்கள். நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி.

ஏமாந்துவிட்டால் கார்டில் போன பணத்துக்கு வங்கியில் "சேவை கிடைக்கவில்லை" என்று சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். டிக்கெட் மின்னஞ்சல், பிழைத் திரையின் ஸ்கிரீன்ஷாட், நேரம் மூன்றும் வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். தனிநபருக்கு யுபிஐயில் அனுப்பியதற்கு சார்ஜ்பேக் இல்லை. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைத்தால், பணம் அந்தக் கணக்கில் இருக்கும்வரை முடக்க வாய்ப்பு உண்டு. இதற்குள் விற்றவரே "ரீஃபண்ட் தர்றேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று அனுப்பலாம். யுபிஐ பின் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். வாங்குவதற்கு அது தேவையே இல்லை.