டிலனின் 1966 மான்செஸ்டர் கச்சேரித் தட்டு வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

மான்செஸ்டர் பக்கம் இருக்கும் நம்மவர்களும், பழைய இசைத்தட்டுச் சந்தைகளுக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். போன மாதம் 45 பவுண்டு கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. எதைக் கேட்க ஆசைப்பட்டு வாங்கினேனோ அது அந்தத் தட்டில் இல்லவே இல்லை. மனசு இன்னும் ஆறவில்லை.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966 மே 17 அன்று இங்கே ஃப்ரீ ட்ரேட் ஹாலில் பாடினார். பீட்டர் தெருவில் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, இப்போது ஹோட்டல். தினமும் வேலைக்கு அதைத் தாண்டித்தான் நடந்து போகிறேன். அன்றைய கச்சேரியில் முதல் பாதி முழுக்க அவர் தனியாக, கிதாரும் மௌத் ஆர்கனும் வைத்துக்கொண்டு 7 பாட்டு. இடைவேளைக்குப் பிறகு எலக்ட்ரிக் கிதாரோடும் ஹாக்ஸ் குழுவோடும் வந்து 8 பாட்டு. பிற்பாடு 'தி பேண்ட்' என்று பேர் வாங்கியவர்கள் அந்தக் குழுக்காரர்கள்தான். கிதாரோடு தனியாகப் பாடும் பழைய டிலனை எதிர்பார்த்து வந்தவர்களில் ஒரு கூட்டத்துக்கு இந்தச் சத்தம் பொறுக்கவில்லை. பாட்டுகளுக்கு இடையில் வேண்டுமென்றே மெதுவாகக் கைதட்டி வெறுப்பேற்றினார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒருவர், துரோகி என்ற அர்த்தத்தில், "யூதாஸ்!" என்று கத்தினார். "உன்னை நான் நம்பவில்லை. நீ பொய்யன்" என்று டிலன் மைக்கிலேயே பதில் சொல்லிவிட்டு 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஆரம்பித்தார். அந்தச் சில நொடிகளை நான் நடக்கிற தெருவில் நடந்த ஒன்றாக, என் வீட்டில் ஊசி வைத்துக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாக இதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. இந்தக் கச்சேரியின் இரண்டாம் பாதி பல வருடங்கள் திருட்டுத்தட்டாகத்தான் சுற்றியது, அதுவும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரில். கொலம்பியா நிறுவனம் 1998இல் முறைப்படி வெளியிட்டபோதும் அந்தத் தப்புப் பெயரையே மேற்கோள் குறிக்குள் போட்டு வைத்தது. 1966 மே 26 அன்று ஆல்பர்ட் ஹாலில் உண்மையாகவே நடந்த கச்சேரி தனி ஆல்பமாக 2016இல்தான் வந்தது. ஆக, அட்டையில் 'ராயல் ஆல்பர்ட் ஹால் 1966' என்று பார்த்தால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

சந்தையில் அந்த மேசைக்காரர் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். உறையின் மேல் 'அசல் ஒலிநாடாவிலிருந்து' என்று தங்க நிற ஸ்டிக்கர். மான்செஸ்டர் கச்சேரிதானா என்று கேட்டேன், ஆமாம் என்றார். கம்பெனி வெளியீடுதானா என்றேன், அதற்கும் ஆமாம். முழுக் கச்சேரியும் இருக்கிறதா என்று மூன்றாவதாகவும் கேட்டேன். சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார். ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

வீட்டில் போட்டதும் முதல் பாட்டிலேயே என்னவோ இடறியது. குரல் கீச்சென்று இருந்தது. என் மகள் இப்போதுதான் கிதார் கற்றுக்கொள்கிறாள். கூடவே வாசித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவள் இரண்டு நிமிடத்தில், "அப்பா, கிதாரில் எந்த கோர்டு பிடிச்சாலும் ஒட்டவே மாட்டேங்குது" என்றாள். டர்ன்டேபிளில்தான் கோளாறோ என்று வேறு தட்டுகளைப் போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியாக ஓடின. அதே பாட்டை போனில் வைத்ததும் அவள் கிதார் கச்சிதமாகப் பொருந்தியது. வேகம் பிசகிய ஏதோ ஒரு நகலிலிருந்து அச்சடித்திருக்கிறார்கள்.

தட்டில் இருந்தது இரண்டாம் பாதியின் 8 பாட்டு மட்டும். அதிலும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து வெட்டியிருந்தார்கள். கூட்டத்தின் சலசலப்பு இல்லை, கைதட்டல் இல்லை. ஏழாவது பாட்டு தேய்ந்து முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நேராக எட்டாவது பாட்டின் டிரம்ஸ் அடி. "யூதாஸ்" இல்லை, டிலனின் பதிலும் இல்லை.

அடுத்த சந்தையில் அதே ஆளிடம் போனேன். உறையைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்றார். இது சட்டப்படி தவறு. 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, தொழிலாக விற்கிற ஒருவர் சொன்னதற்கும் கொடுத்ததற்கும் பொருந்தாவிட்டால் 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பிரித்துக் கேட்டால்தானே பிழை தெரியும்! இதைச் சொன்னதும், என்னிடம் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. வங்கிக் கார்டில் கொடுத்திருந்தால் வங்கி மூலமாகவாவது பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கேட்டிருப்பேன்.

இந்த ஆல்பத்தைத் தேடுகிறவர்கள் முதலில் அட்டையின் பின்பக்கப் பாட்டுப் பட்டியலை எண்ணுங்கள். முழுக் கச்சேரி என்றால் 7 தனிப் பாட்டும் 8 குழுப் பாட்டுமாக 15 இருக்க வேண்டும். அந்த 1998 வெளியீட்டின் 'தி பூட்லெக் சீரீஸ் வால்யூம் 4' என்ற பெயரும் கொலம்பியாவின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் தட்டின் நடு லேபிளில் எந்த நிறுவனத்தின் பெயரும் கிடையாது. வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்தது என்று யாராவது சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். 1998 வெளியீடு, அந்த இரவில் நிறுவனமே பதிவு செய்த நாடாவிலிருந்து வந்தது.

இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதை வியாபார மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். உறையும் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தத் தங்க ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக்கை வாங்கிய அன்று ராத்திரியே குப்பையில் போட்டிருந்தேன். நீங்கள் இப்படி ஏதாவது வாங்கியிருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். இதே மாதிரித் தட்டு உங்கள் கையிலும் வந்திருந்தால் நீங்களும் அங்கே புகார் கொடுங்கள், என் ஒருவனுடைய புகாரோடு இது நின்றுவிடக் கூடாது.