புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: வாளுக்கும் மந்திரத்துக்கும் இடையிலான தூரம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதைப்பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 2024 செப்டம்பரில் 384 பக்கங்களுடன் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் திருத்தம் இது. எலும்புக்கூடு அப்படியே இருக்க, தசையும் தோலும் மாறியிருக்கின்றன. ஓவியங்களும் பக்க அமைப்பும் நன்றாக உள்ளன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஏனெனில், மந்திரம் பயன்படுத்தும் பாத்திரங்களுக்கும் ஆயுதத்தை மட்டுமே நம்பும் பாத்திரங்களுக்கும் இடையிலான பழைய ஏற்றத்தாழ்வை இந்தத் திருத்தம் எந்த அளவுக்குச் சரிசெய்திருக்கிறது என்ற ஒரே கேள்வியோடுதான் நான் இதைப் படித்தேன்.

இந்தக் கேள்வி ஆட்டத்தோடு பிறந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் முதல் பதிப்பை வெளியிட்ட காலத்திலிருந்தே, மந்திரவாதியின் ஆற்றலுக்கு அவனுடைய பலவீனமே விலையாக வைக்கப்பட்டது. அவனுக்குக் கவசம் இல்லை, அடிதாங்கும் அளவான உயிர்ப்புள்ளிகள் மிகக் குறைவு. பின்னர் வந்த விதிகளில், ஓதிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால் மந்திரமே கலைந்துவிடும் என்றும் இருந்தது. பாத்திர வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுபவப்புள்ளி அட்டவணை இருந்ததால், முன்னேறும் வேகத்தையும் விலையின் ஒரு பகுதியாக்க முடிந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்தது. அடிபடாமல் ஓதும் வழிகளையும் எளிதாக்கியது. விலை குறைந்தது, பொருள் அப்படியே இருந்தது. 2008-இல் நான்காம் பதிப்பு எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே வடிவிலான ஆற்றல்களைப் பங்கிட்டுத் தராசைச் சமன்செய்தது. ஆனால் வாள்வீச்சும் மின்னலும் ஒரே மாதிரி இருப்பதாக ஆட்டக்காரர்கள் பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஐந்தாம் பதிப்பின் சமநிலையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சேதக் கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் விசார்ட் என்னும் மந்திரவாதி அவ்வளவு ஒன்றும் மிஞ்சிவிடவில்லை. ஐந்தாம் லெவலில் இருக்கும் ஒரு ஃபைட்டர், அதாவது போர்வீரர், இருகை வாளால் ஒரு சுற்றில் இரண்டு முறை தாக்கி, வலிமையின் கூட்டல் நான்கு என்று கொண்டால், இரண்டு அடியும் படும்போது சராசரியாக 22 புள்ளிகள் சேதம் செய்வார். அதே லெவலில் விசார்டின் எளிய தாக்குதல் மந்திரமான ஃபயர் போல்ட் பட்டால் சராசரி 11 தான். ஃபயர்பால் என்றால் ஆறுமுகப் பகடை எட்டு, சராசரி 28; நான்கைந்து எதிரிகள் நெருங்கி நிற்கும்போது அது பயங்கரமானது, ஒற்றை எதிரியிடம் சுமாரானது. மேலும், அந்த லெவலில் விசார்டிடம் உள்ள மூன்றாம் நிலை ஸ்லாட்டுகள், அதாவது ஃபயர்பால் போன்ற மந்திரம் ஒன்றுக்கு ஒன்றாகச் செலவாகும் வாய்ப்புகள், இரண்டே இரண்டு. ஒரு குறு ஓய்வில் ஆர்கேன் ரெகவரி என்ற தனித்திறன் மூலம் இன்னொன்றை மீட்டுக்கொள்ளலாம். அதாவது ஒரு நாளைக்கு மூன்று ஃபயர்பால்.

அந்த மூன்று என்ற எண்ணின் மதிப்பு எதைப் பொறுத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நாளில் ஆறு சண்டைகள் வந்தால் விசார்ட் கஞ்சனைப் போல எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும்; ஒரே ஒரு சண்டை வந்தால் மூன்றையும் அடுத்தடுத்து வீசிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014-இன் டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களை ஒரு குழு தாங்கும் என்று கணக்கிட்டிருந்தது. நடைமுறையில் ஒரு மாலைப்பொழுதில் இரண்டு மோதல்களை முடிப்பதே பெரும்பாடு. கதையும் எட்டு சண்டைகளுக்கு இடம் கொடுப்பதில்லை. எனவே சமநிலைக்கான அடித்தளம் விதிநூலில் இருந்ததே தவிர மேசையில் இருக்கவில்லை. புதிய ஹேண்ட்புக் இந்த இடத்தைத் தொடவே இல்லை. ஓய்வுகளின் அமைப்பு பழையபடியே தொடர்கிறது.

தொட்ட இடங்களில் பல நன்றாகவே வந்திருக்கின்றன. ஒருவர் தன் ஆட்ட முறை வரும்போது ஒரே ஒரு ஸ்லாட்டைத்தான் செலவழித்து மந்திரம் போடலாம் என்ற விதி, பழைய குழப்பமான வாசகத்தை நீக்கி ஒரே வாக்கியத்தில் கட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது. எதிராளியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் முன்பு மூன்றாம் நிலை வரையிலான மந்திரங்களைப் பகடையே உருட்டாமல் அழித்தது. இப்போது எதிராளி உடல்தாங்கு திறனைக் கொண்டு சேவிங் த்ரோ, அதாவது மந்திரத்தை எதிர்க்கும் பகடை, உருட்டுகிறார், தோற்றாலும் அவருடைய ஸ்லாட் வீணாவதில்லை. ஃபோர்ஸ்கேஜ் மந்திரத்துக்கு இப்போது மனக்குவிப்பு தேவை; அதை ஒரே நேரத்தில் ஒரு மந்திரத்துக்கு மட்டுமே தர முடியும். ஒருவரைக் கூண்டில் அடைத்துவிட்டு அடுத்த பெரிய மந்திரத்தையும் தாங்கிப் பிடிப்பது இனி முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம், விலங்குகளை வரவழைக்கும் கான்ஜூர் அனிமல்ஸ் மந்திரத்தில். பழைய வடிவில் இயற்கை மந்திரம் போடும் ஒரு டிரூயிட் எட்டு ஓநாய்களை வரவழைக்கலாம். அந்த எட்டும் தனித்தனியாக நகர்ந்து, தனித்தனியாகத் தாக்கி, தனித்தனியாகப் பகடை உருட்டும். அவை செய்யும் சேதத்தைவிட அவை தின்னும் நேரமே பெரிய அநியாயம். ஒருவர் தன் முறைக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ள, பக்கத்தில் ஆயுதம் மட்டுமே ஏந்தும் பார்பேரியனாக ஆடுபவர் இரண்டே நிமிடத்தில் ஆடிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிய வடிவில் அது ஆவியுருவ விலங்குக் கூட்டம் ஒன்றாக நகர்கிறது, அருகில் வருபவர்கள் ஒரே ஒரு சேவிங் த்ரோ உருட்டினால் போதும். மேசையின் நேரமும் பங்கிடப்பட வேண்டிய வளம்தான் என்பதை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த கான்ஜூர் மைனர் எலிமென்டல்ஸ் மட்டும் கைநழுவிப் போனது: உயர்நிலை ஸ்லாட்டில் போட்டால் ஒவ்வொரு அடிக்கும் எண்முகப் பகடைகள் குவிந்துகொண்டே போயின. பிறகு வந்த திருத்தம் அந்த வளர்ச்சியைப் பாதியாக வெட்டியது.

ஆயுதப் பாத்திரங்களின் பக்கம் வெபன் மாஸ்டரி புதிதாக வந்திருக்கிறது. தள்ளுதல், வீழ்த்துதல், வேகத்தைக் குறைத்தல் என எட்டு வகை விளைவுகள் ஆயுதங்களோடு இணைக்கப்பட்டுள்ளன. ஃபைட்டரின் முறை இப்போது அடித்தேன், அடித்தேன் என்று முடிந்துவிடுவதில்லை. தோற்ற சேவிங் த்ரோவுக்கு இன்டாமிட்டபிள் என்ற திறன் தரும் மறு உருட்டலில் ஃபைட்டரின் லெவல் கூட்டப்படுவதால், மனத்தை மயக்கும் மந்திரங்களை எதிர்த்து நிற்க அவருக்கு உண்மையான வாய்ப்பு கிடைக்கிறது. தோற்றுப்போன திறன் சோதனையில் உயிர்ப்புள்ளிகளை மீட்கும் செகண்ட் விண்டைச் செலவழித்துப் பத்துமுகப் பகடை ஒன்றைச் சேர்க்கும் டாக்டிகல் மைண்ட், சண்டைக்கு வெளியே ஃபைட்டருக்குக் கிடைத்த அரிய பரிசு.

இருந்தும், ஃபைட்டர் அந்தப் பகடையை உருட்டுவது மதிலேறுவதற்காக. விசார்ட் பறந்துவிடுகிறார், பகடை ஏதும் உருட்டாமல். சேத அட்டவணைகளில் ஒருபோதும் தென்படாத வித்தியாசம் இது: ஆயுதப் பாத்திரம் ஒரு செயலை முயல்கிறது, மந்திரப் பாத்திரம் அதை அறிவிக்கிறது. நாக் மந்திரம் இதற்கு நல்ல விதிவிலக்கு. பூட்டைத் திறக்கும், ஆனால் 300 அடி தூரம் கேட்கும் ஓசையை எழுப்பும். ஆகவே ஓசையில்லாமல் பூட்டைத் திறக்கத் தெரிந்த ரோக், அதாவது திருடன் வகைப் பாத்திரம், தேவைப்படுகிறார். எல்லா மந்திரங்களுக்கும் இப்படி ஒரு விலை வைத்திருந்தால் இந்த மதிப்புரைக்கே வேலை இருந்திருக்காது.

வால் ஆஃப் ஃபோர்ஸ் அதற்கு நேர் எதிர். ஒன்பதாம் லெவலில் விசார்டுக்குக் கிடைக்கும் இந்த மந்திரம், மனக்குவிப்பு நீடிக்கும்வரை பத்து நிமிடங்களுக்கு எதுவும் ஊடுருவ முடியாத சுவரையோ குவிமாடத்தையோ எழுப்புகிறது. அதற்கு உயிர்ப்புள்ளி இல்லை, மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் எடுபடாது, உள்ளே சிக்குபவருக்குச் சேவிங் த்ரோவும் இல்லை. பெரிய அரக்கர்களைக் காப்பாற்றுவதற்காகவே வைக்கப்பட்ட லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ், தோற்ற சேவிங் த்ரோவை வெற்றியாக மாற்றுவது. சேவிங் த்ரோவே கேட்காத மந்திரத்தின் முன் அது கைகட்டி நிற்கிறது. ஃபோர்ஸ்கேஜைத் திருத்தியவர்கள் இதை விட்டுவைத்தது எனக்குப் புரியவில்லை.

பலவீனம் என்ற பழைய விலையும் இப்போது மலிவாகவே தீர்க்கப்படுகிறது. விசார்ட் ஒருவர் ஒரே ஒரு லெவலை மட்டும் கிளெரிக் என்ற பூசாரி வகையில் எடுத்தால் நடுத்தரக் கவசமும் கேடயமும் கிடைக்கும். ஹாஃப் பிளேட் என்ற கவசமும் தேவையான சுறுசுறுப்பும் இருந்தால், தாக்குதல் படுவதைக் கடினமாக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸ் 19, முதல்நிலை மந்திரமான ஷீல்டைப் போட்டால் அந்தச் சுற்றுக்கு 24. முன்வரிசையில் நிற்கும் ஃபைட்டரைவிடப் பின்வரிசை விசார்டைத் தொடுவது கடினமாகிறது. இதையும் புதிய நூல் அப்படியே கடத்தியிருக்கிறது.

ஆகவே ஒன்று முதல் எட்டு லெவல் வரை ஆடும் குழுக்களுக்கு இந்த நூலை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்; அந்த எல்லைக்குள் இரு தரப்பும் ஒருவரையொருவர் உண்மையாகவே சார்ந்திருக்கிறார்கள். அதற்கு மேல் செல்பவர்கள், சுவருக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, ஸ்லாட்டுகளை மீட்டுத்தரும் நீள் ஓய்வை எப்போது அனுமதிப்பது என்பவற்றைத் தாங்களே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். ஃபைட்டராகவோ, வெறுங்கையால் சண்டையிடும் மாங்க் என்ற துறவியாகவோ ஆடுபவர் பழைய நூலை வைத்திருந்தாலும் இதை வாங்கலாம், அவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் லாபம். விசார்டாக ஆடுபவர் பழைய நூலே போதும் என்று வாதிடுவார். ஃபோர்ஸ்கேஜ் இருக்கும் பக்கத்தைக் காட்டி, ஆட்டத்தை நடத்துபவர் அதை மறுத்துவிட வேண்டும்.