புயலுக்கு முன் தண்ணீர்: கேனா, டேங்கா, சம்ப்பா?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. எங்கள் வீட்டுச் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், கழுத்துவரை தண்ணீர்; குழாயில் ஒரு சொட்டு இல்லை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்திருந்தும் முந்தின இரவு மேல் டேங்க்கை நிரப்பாமல் தூங்கிவிட்டோம். ஆகவே நான் டேங்க் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன், சொல்லிவிட்டேன்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேனில் ஏறக்குறைய இரண்டரை. சென்னைக்கு இது குறைந்தபட்சம். 2018 கஜா புயலில் டெல்டா கிராமங்கள் பல, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு காணவே காணாது.

கேனில் உள்ள நல்லது, சீல் உடையாதவரை சந்தேகமில்லாமல் குடிக்கலாம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடலாம். சிக்கல், ரெட் அலர்ட் வந்த பிறகு தெருவே ஒரே நேரத்தில் கேன்காரருக்கு போன் போடும். முழங்கால் தண்ணீரில் அவர் வண்டியும் வராது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வரும் அன்றே சொல்லி வைக்க வேண்டும். ஆனால் கேன் குடிக்க மட்டும்தான். டாய்லெட் ஃப்ளஷை இரண்டு மூன்று முறை அழுத்தினால் ஒரு கேன் காலி.

அங்கேதான் மேல் டேங்க் ஜெயிக்கிறது. 1000 லிட்டர், கரண்ட் தேவையில்லை, தானாகவே இறங்கி வரும். இன்னொன்றும் உண்டு: காலி பிளாஸ்டிக் டேங்க்கைப் புயல் காற்று உருட்டிவிடும், நிறைந்த டேங்க் ஒரு டன் கனத்தோடு உட்கார்ந்திருக்கும். மூடியை மட்டும் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். அபார்ட்மென்ட்டில் கதை வேறு. டேங்க் பொது, சிக்கனம் பொது இல்லை. ஒரு வீட்டில் குழாய் ஒழுகினாலும் எல்லா வீட்டுக்கும் போச்சு. நம் பங்கை முதல் நாளே குடம், அண்டா, குளியலறை வாளி என்று பிடித்து மூடிவைப்பதுதான் புத்தி.

சம்ப் கொள்ளளவில் ராஜா, நம்பகத்தில் கடைசி. அதன் வாய் தரைமட்டத்தில் இருந்தால் தெருவில் நிற்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்படி இறங்கியதைக் கழுவவோ ஃப்ளஷுக்கோ வைத்துக்கொள்ளலாம், வாயில் வைக்கக்கூடாது.

சுத்தம் செய்வதில் ஆர்ஓ மெஷினை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கரண்ட் வேண்டும், அதோடு தருவதைவிட வெளியே கொட்டுவது அதிகம். தட்டுப்பாட்டு நேரத்தில் அது யாருக்கு ஆகும்? பாட்டி காலத்துக் கேண்டில் ஃபில்டர் இருந்தால் தூசு தட்டி எடுங்கள். கலங்கல் போகும், ஆனால் கிருமிக்கு அது மட்டும் போதாது. கேஸ் இருக்கிற வீட்டில், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுவதே நல்லது. சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தால் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையிலேயே இருக்கும், போட்டுவிட்டு அரைமணி நேரம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரில் அதன் வேலை சரியாக நடக்காது. முதலில் நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வாடை அடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் அன்றைக்கு என்ன செய்தோம்? சம்ப் மூடியைத் திறந்து பிளாஸ்டிக் வாளியைக் கயிறு கட்டி இறக்கினோம். அது வாத்து மாதிரி மிதந்தது. கீழ்வீட்டு அத்தைதான் அம்மிக்குழவியைக் கொண்டுவந்து வாளியின் ஒரு காதோரம் கட்டச் சொன்னார். சரிந்து மொண்டது.