கதைகளில் பெண்ணும் மண்ணும்: ஓர் இணையவழி வாசிப்பு வகுப்பு

புனைகதைகளைச் சூழலியல் பெண்ணிய நோக்கில், அதாவது பெண் ஒடுக்கப்படுவதையும் இயற்கை சுரண்டப்படுவதையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பார்க்கும் நோக்கில், வாசிக்கக் கற்றுத்தரும் எட்டு வார இணையவழி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். ‘சூழலியல் பெண்ணியம்’ என்னும் கலைச்சொல்லைப் பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் 1974இல் உருவாக்கியதில் தொடங்கும் முதல் இரண்டு வாரங்கள், அறிமுக நூல் எதிலும் கிடைப்பவைதான்.

மூன்றாம் வாரத்தில் வகுப்பு சூடுபிடிக்கிறது. அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் ‘த வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ (1972) குறுநாவலின் தொடக்கத்தில், குடியேற்றப் படைத்தலைவன் கண்விழிக்கும்போது அவன் மனத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: கப்பலில் புதிதாகப் பெண்கள் வந்திறங்கியது ஒன்று, காடழிக்கப்பட்ட தீவில் மண் அரித்துப் பயிர் பொய்த்தது மற்றொன்று. அப்பெண்களை அவன் கால்நடைகளைப்போல் தலைக்கணக்கில் எண்ணுகிறான். பெண்ணை வரவிலும் நிலத்தைச் செலவிலும் வைத்து ஒரே ஏட்டில் கணக்கெழுதும் அந்த மனத்தை, ஒரு மணி நேரம் அந்தப் பத்தியைவிட்டு நகராமல் ஆசிரியை விளக்கினார். (நம் மொழியில் ‘மலடு’ என்னும் சொல் பெண்ணுக்கும் மண்ணுக்கும் பொதுவாக வழங்குவது அப்போதுதான் எனக்கு உறைத்தது.)

ஐந்தாம் வாரத்தில் எனக்கு உடன்பாடில்லை. தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘த வெஜிடேரியன்’ (2007) நாவலில் புலால் மறுத்து மரமாக விரும்பும் பெண்ணை, இயற்கையிடம் திரும்பி விடுதலை பெற்றவளாகவே வகுப்பு வாசித்தது. அவள் கதையைக் கணவனும், அக்காள் கணவனும், அக்காளும் பங்குபோட்டு முன்வைக்க, அவளுடைய குரலோ சில கனவுத் துணுக்குகளில் மட்டுமே ஒலிக்கிறது; உடலோ உணவின்றிச் சாகக் கிடக்கிறது. இதை விடுதலை என்றால், பெண்ணே இயற்கை என்ற பழைய கைவிலங்குக்குப் பொன்முலாம் பூசியதாகிவிடாதா? பெண்ணுக்கும் இயற்கைக்குமான உறவு பிறவிக்குணமன்று, வேலைப் பங்கீட்டிலும் சொத்துரிமையிலும் வேர்கொண்டது என்று வாதிடும் இந்தியப் பொருளியலாளர் பீனா அகர்வாலின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையை முதல் வாரமே கொடுத்திருக்க வேண்டும். அது ஏழாம் வாரத்தின் கூடுதல் வாசிப்பில் ஒதுங்கிக் கிடந்தது.

கலந்துரையாடலுக்கென ஒதுக்கிய அரைமணியை விரிவுரை பலமுறை விழுங்கிவிட்டது. ஆனால் நாங்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்தித் தந்ததில் குறை சொல்ல முடியாது. நான் ‘இயற்கை அன்னை’ என்று எழுதிய இடத்தின் ஓரத்தில், “இந்த அன்னைக்கு ஓய்வுநாள் உண்டா?” என்று மட்டும் குறித்திருந்தார்கள். மாற்றி எழுதி அனுப்பிய படியையும் வரிவரியாகப் படித்து, மூன்றே நாளில் திருப்பியனுப்பினார்கள்.